பெட்டி கேட்ட மாப்பிள்ளை

பஸ்ஸால் இறங்கி வந்த வஸ்தியாம்பிள்ளையின் குடையைக் கச்சான் காற்று இரண்டு தரம் மறுபக்கம் பிரட்டிவிட்டது. மூன்றாம் தரம் அவர் அதை மடக்கிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வெயிலுக்குள்ளால் நடந்து வந்தார். கருவாட்டு வாடியடியில் சாளை உலர்த்திக்கொண்டு நின்ற சூசையம்மா தூரத்திலேயே ஆளைக் கண்டுவிட்டாள். கையில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்தது பாதி, துடைக்காதது பாதியாக வீட்டுக்கு ஓடினாள்.

அறுபதாம் ஆண்டு வைகாசி மாதம். முல்லைத்தீவுக் கரையில் கடல் அடங்கி மீன் படுகிற காலம். சூசையம்மாவின் மகள் சுசிலாவுக்கு மாங்குளத்தில் சம்மந்தம் பேசி மூன்று கிழமையாயிற்று. மாப்பிள்ளை மனுவேலுக்கு மாங்குளம் ஸ்டேசனில் கைகாட்டி ஏற்றி இறக்குகிற வேலை. தகப்பன் இல்லை. புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தாய்மாமன் வஸ்தியாம்பிள்ளைதான் அவனுக்கு எல்லாம். இரண்டு பகுதிக்கும் பிடித்துக்கொண்டது. கோயிலில் கலியாண ஓலை வாசிக்கச் சுவாமியும் நாள் சொல்லிவிட்டார். சீதனக் கதை ஒன்றுதான் மிச்சம்.

இராயப்பு அப்போதுதான் கடலால் வந்து, தலையில் இரண்டு வாளி தண்ணீர் வார்த்து, தோய்த்த வேட்டியைக் கட்டியிருந்தார். மகன் யோசெப் வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். வந்தவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் வைத்துவிட்டுச் சூசையம்மா கதவோரம் நின்றாள். குசினிக்குள் சுசிலா தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்று தாய்க்குத் தெரியும்.

“இராயப்பண்ணை, நான் கடைக்காரன். சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது,” என்று வஸ்தியாம்பிள்ளை நன்றாகச் சுற்றி வளைத்துத் தொடங்கினார். “பொடியன் காணி பூமி ஒண்டும் கேக்கேல்லை. நகை நீங்கள் விரும்பினதைப் போடுங்கோ எண்டுறான்.”

“வள்ளத்திலை அரைப் பங்கு எழுதுறன் எண்டு அண்டைக்கே சொன்னனான்.”

“மாங்குளத்திலை வள்ளத்தை என்ன செய்யிறது, அண்ணை. ரெயில் றோட்டிலையே விடுறது. அதுவும் வேண்டாமாம்.”

“பேந்து?”

வஸ்தியாம்பிள்ளை தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, அது காலி என்று தெரிந்தும், எடுத்து இன்னொரு தரம் வாயில் வைத்தார்.

“அங்கை கிடக்கிறதைத் தரட்டாம்,” என்று மூலையைக் காட்டினார்.

மூலையில் சின்ன மேசை. மேசையில், கோயில் பீடத்துக்கு விரிப்பது போன்ற வெள்ளைத் துணியால் மூடியபடி, இராயப்புவின் அக்கோடியன் இருந்தது.

அக்கோடியன் என்பது அதற்குரிய பெயர். கரையில் எல்லாருக்கும் அது பெட்டி. இராயப்பு இருபது வயதில் கருவாட்டு வள்ளத்தில் திருகோணமலைக்குப் போனபோது, துறைமுகத்தில் நின்ற ஒரு சீமைக் கப்பலின் குசினிக்காரனிடம் இரண்டு ஆமை கொடுத்து வாங்கியது. பித்தளை மூலை வைத்து, சிவப்புத் துருத்தி போட்டு, இரண்டு வரிசை வெள்ளைப் பொத்தானோடு வந்த சாமான். கப்பல் நின்ற நாலு நாளும் அவன் ஒரு மெட்டுச் சொல்லிக்கொடுத்தான். மிச்சத்தைப் படிக்க இராயப்பு அங்கே பறங்கித் தெருவில் ஒரு தச்சாசாரி வீட்டுக்குப் போய் வந்தார். அந்தத் தச்சனின் தங்கை மகள்தான் சூசையம்மா. பெட்டி படிக்கப் போனவன் பெண்ணோடு வந்து இறங்கினான் என்று ஊர் அந்தக் காலத்தில் பகிடி பண்ணியது.

அவள் வந்த பிறகுதான் ‘இராயப்பு செற்’ என்று ஒரு வாத்தியக் கூட்டம் உண்டானது. அவர் பெட்டி, அவள் பாட்டு. பாட்டெல்லாம் தாய் வீட்டுப் பறங்கிப் பாட்டு. பொருள் அவளுக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது, கால் மட்டும் தானாக ஆடும். பிள்ளைகள் வளர்ந்ததும் யோசெப் மத்தளத்துக்கும் சுசிலா கையால் தட்டுகிற றபானுக்கும் வந்தார்கள். கொக்கிளாய் தொடக்கம் இந்தக் கரையில் அவர்கள் வாசிக்காத கலியாணம் குறைவு. மீன் படாத நாளில்கூட இராயப்புவுக்கு ஊரில் மரியாதை இருந்ததென்றால் அது இந்தப் பெட்டியால்தான்.

அதை வேறு ஒருவரும் தொடக்கூடாது. ஒரு கைக்குப் பழகிய துருத்தியை இன்னொரு கை இழுத்தால் காற்று விடத் தொடங்கிவிடும் என்பது அவர் கட்சி. எந்த வேதத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. தனக்குப் பிறகு யோசெப் எடுப்பான் என்று அவர் தீர்மானித்திருந்தார். யோசெப்புக்கோ வள்ளத்துக்குப் பூட்டுகிற மிசின் மேல்தான் கண். அதன் சத்தத்தைவிட நல்ல சங்கீதம் உலகத்தில் இருப்பதாக அவன் நம்பவில்லை.

இராயப்பு எழுந்து நின்றுவிட்டார்.

“வஸ்தியாம்பிள்ளை, உம்மடை மருமோன் என்ரை ஈரலைக் கேட்டிருந்தால் யோசிச்சிருப்பன்.”

“எனக்கும் விளங்கேல்லை, அண்ணை. எடே, உனக்கு வாசிக்கத் தெரியுமோ எண்டு கேட்டனான். தெரியாதாம். பேந்தேன் எண்டால் வாயைத் திறக்கிறானில்லை. ரெயில் சத்தத்திலை மூளை கலங்கிப்போச்சோ தெரியாது.”

“இப்பிடிக் கேக்கிற இடத்திலை பிள்ளையைக் குடுக்கிறதோ எண்டும் நான் யோசிக்கவேணும்.”

சூசையம்மா கதவோரத்தை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். “இஞ்சேருங்கோ, கொஞ்சம் இருந்து கதையுங்கோவன்,” என்றாள். இராயப்பு இருக்கவில்லை.

வஸ்தியாம்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். வாசலடியில் போய்த் திரும்பிச் சட்டைப் பைக்குள்ளிருந்து சாமான் சுற்றுகிற சரைக் கடதாசி ஒன்றை எடுத்தார். “இன்னுமொண்டு சொன்னவன். மறந்துபோவன் எண்டு எழுதினனான். உள்வரிசையிலை மேலையிருந்து நாலாவது பொத்தான், தள்ளேக்கை இரையுமாம். அதைத் திருத்த வேண்டாமாம். இரையிறபடியே தரட்டாம்.”

இராயப்பு மெல்லக் கதிரையில் இருந்தார். அவர் முகத்திலிருந்த கோபம் போய், வலையில் என்ன மாட்டியிருக்கிறது என்று கயிற்றைத் தொட்டுப் பார்க்கிற முகம் வந்தது.

“ஞாயிற்றுக்கிழமை வாங்கோ,” என்றார். “பொடியனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அண்டைக்குச் சொல்லுறன்.”

வஸ்தியாம்பிள்ளையின் தலை மறைந்ததும் சூசையம்மா குசினிக்குள் போய்ப் படலைச் சாத்தினாள்.

“நீயோ கேக்கச் சொன்னனீ?”

சுசிலா திருவலையை விட்டு எழும்பவில்லை. “ஓம்.”

தாய்க்கு அது புதினமில்லை. மகள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. சுசிலாவுக்குப் பதின்மூன்று வயதில், இராயப்பு கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில், மீன் கழுவிக்கொண்டிருந்த சூசையம்மா வீட்டுக்குள் பெட்டிச் சத்தம் கேட்டாள். ஏச வாயெடுத்துக்கொண்டு போனவள் கதவடியில் நின்றுவிட்டாள். பிள்ளை தட்டித் தடவி அந்தக் கப்பற்காரன் மெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளும் சூசையம்மா ஏசவில்லை. அதற்கு மற்ற நாளும் இல்லை. இப்படியே எட்டு வருசம்.

கரையிலுள்ள அவ்வளவு பேருக்கும் இது தெரியும், இராயப்புவைத் தவிர. முன்வீட்டு நேசமலர் வாடியில் கருவாடு கட்டிக்கொண்டே கடலைப் பார்த்திருப்பாள். இராயப்புவின் பாய் தெரிந்தால், “சுசிலா, உலை பொங்குது,” என்று குரல் கொடுப்பாள். பெட்டி மேசைக்குப் போகும், வெள்ளைத் துணி மேலே போகும், சுசிலா அடுப்படிக்குப் போவாள். இந்த வீட்டில் எந்த நேரமும் உலை பொங்குகிறது என்று ஒருநாள் இராயப்புவே சொல்லிச் சிரித்தார். யோசெப் சாப்பாட்டுக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

அதே நேசமலர்தான் வியாழக்கிழமைகளில் கருவாட்டுச் சாக்கைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மாங்குளம் போய் ரெயிலில் போடுகிறவள். மனுவேலைக் கண்டு, விசாரித்து, இந்தச் சம்மந்தத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

“நேசமலரட்டையோ சொல்லிவிட்டனீ?”

“ஓம். இப்பிடி இப்பிடி எண்டு அவருக்குச் சொல்லச் சொன்னனான். அவர் சரியெண்டிட்டாராம்.”

“ஐயாவை நேர கேட்டிருக்கலாமெல்லே, பிள்ளை.”

“கேட்டால், நீ எப்ப தொட்டனீ எண்டுதானே முதல் கேப்பர். எட்டு வருசத்தையும் சொல்லவேணும். உங்களைக் காட்டிக் குடுக்கவேணும், நேசமலரக்காவைக் காட்டிக் குடுக்கவேணும்.” சுசிலா தேங்காய்ப் பாதியைக் கையில் உருட்டினாள். “மாப்பிளை வீட்டார் கேட்டால் ஏனெண்டு கேக்கிற வழக்கம் இல்லையம்மா. குடுப்பினம், இல்லாட்டி இல்லையெண்டுவினம். அதுதான் அந்த வழியாலை கேட்டனான்.”

“அந்தப் பொத்தான் கதையை ஏனடி சொல்லிவிட்டனீ?”

“மாப்பிளை வீட்டுக்குக் குடுக்கிறதெண்டால் ஐயா திருத்திப்போட்டுத்தான் குடுப்பர். எனக்கு அந்த இரைச்சல் வேணும்.”

சூசையம்மா தலையில் கைவைத்தாள். மகளுக்கு எல்லா மூளையும் இருந்தது, இது ஒன்று ஓடவில்லை. உள்வரிசை நாலாவது பொத்தானின் நாக்குத் தகடு உப்புக்காற்றில் பழுதாகிப் பன்னிரண்டு வருசம். அதே சுரம் வெளிவரிசையிலும் ஓரிடத்தில் கிடைக்கும். இராயப்பு கௌரவக்காரர், பழுதை ஊருக்குக் காட்டாமல், அந்தச் சுரம் வருகிற இடத்திலெல்லாம் விரலை வெளிவரிசைக்குத் தாவ விட்டுத் தப்பிக்கொள்வார். அவர் வாசித்து அந்த இரைச்சலை ஒரு காதும் கேட்டதில்லை. அது இரையும் என்று தெரிய வேண்டுமானால் அதில் விரல் வைத்திருக்க வேண்டும்.

“உன்ரை ஐயாவுக்கு விளங்கியிருக்கும்,” என்றாள் சூசையம்மா.

சுசிலாவின் கை நின்றது. “இல்லையெண்டு சொன்னால் என்னம்மா செய்யிறது?”

“இல்லையெண்டால் பெட்டியில்லாமல் போ. கலியாணமே வேண்டாமெண்டு அந்த மனிசன் குழப்பாமல் இருந்தால் காணும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அது சரியாகப் படவில்லை. மாங்குளம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டேசன், நாலு கடை, சுற்றிவரப் பாலையும் வீரையும் நிற்கிற காடு. விடிய ஒரு ரெயில், பின்னேரம் ஒரு ரெயில். எட்டு வருசமாக நாள் தவறாமல் வாசித்த பிள்ளை அங்கே வெறுங்கையோடு போய் இருப்பதை நினைக்கச் சூசையம்மாவுக்கு அழுகை வந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டு இராயப்பு இந்தக் கரையில் வெறுங்கையோடு நடப்பதை நினைத்தாலும் வந்தது. தேங்காய்ப்பாலைப் பிழிந்து சொதியை வைத்தாள். உப்புப் போட மறந்துபோனாள்.

அன்று முழுக்க இராயப்பு பெட்டிப் பக்கம் போகவில்லை. உப்பில்லாத சொதியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் மகளின் கைவிரல்களில் இரண்டு மூன்று தரம் வைத்து எடுத்தார்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. நேசமலர் விடிய வெள்ளனவே சாக்குகளோடு பஸ்ஸடிக்குப் போய்விட்டாள். இராயப்புவும் யோசெப்பும் வழமை போல வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனதைச் சூசையம்மா கண்டாள். வெயில் ஏறியதும் அவள் வேலிக்கரையில் மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் சுசிலா தொடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தொடக் கிடைக்குமோ கிடையாதோ என்று நினைத்தாளாக்கும், அன்றைக்கு அடக்கி வாசிக்கவில்லை.

சூசையம்மா வாளியோடு நிமிர்ந்தாள். கிடுகு வேலிக்கு வெளியே இராயப்பு நின்றார்.

இடுப்பு வரை நனைந்திருந்தது. வள்ளத்தை மகனோடு விட்டுவிட்டுக் கரையோரம் நடந்து வந்திருக்கிறார். அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை வாயில் வந்து நின்றது. “சுசிலா, உலை...” என்று தொடங்கும்போதே இராயப்பு கையை உயர்த்தினார். ஏசுகிற கை இல்லை. சும்மா இரு என்கிற கை. அவள் வாளியைப் பிடித்தபடி நின்றாள்.

சுசிலா வாசித்தது கப்பற்காரன் மெட்டு. அதில் இராயப்புவுக்கு இரண்டு பாகம்தான் தெரியும். மூன்றாம் பாகம் ஒன்று இருக்கிறது, நாளைக்குச் சொல்லித்தருகிறேன் என்று அந்தக் குசினிக்காரன் சொன்னானாம். விடியக் கப்பல் இல்லை. முப்பது வருசமாக இராயப்பு இரண்டாம் பாகம் முடிந்ததும் திரும்ப முதலுக்கு வந்துவிடுவார். சுசிலாவும் இரண்டாம் பாகத்தை முடித்தாள். ஆனால் முதலுக்கு வரவில்லை.

அது அவளாகக் கட்டிய பாகம். சூசையம்மா வருசக்கணக்காகக் கேட்டதுதான். மெட்டு மெல்லத் தாழ்ந்து போய், உள்வரிசை நாலாவது பொத்தானில் வந்து குந்தும். அங்கே அந்தப் பழுதான நாக்கு வண்டு போல ஒரு இரை இரையும். அந்த இரைச்சலைத் தள்ளித் தள்ளி நாலு தரம் எடுத்து, அதிலிருந்து ஏணி வைத்தது போல மேலே ஏறி, முதற் பாகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். இராயப்பு பன்னிரண்டு வருசம் ஒளித்த பழுதை அவள் நடுவீட்டில் கதிரை போட்டு இருத்தியிருந்தாள்.

இராயப்பு வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டார். சூசையம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் எத்தனையோ பேர் அவர் வாசிப்பைக் கேட்டு மெய்மறந்து நின்றதை அவள் கண்டிருக்கிறாள். அவர் இன்னொருவர் வாசிப்பைக் கேட்டு அப்படி நின்றதை அன்றுதான் கண்டாள். அவர் கண் கலங்கியிருந்தது. வலக்கை விரல் கதியாலில் பொத்தான் தேடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. இராயப்பு உள்ளே வரவில்லை. திரும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்து போனார். யோசெப்பின் பாய் தெரியும்வரை மணலில் குந்தியிருந்து, வழமையான நேரத்துக்கு அவனோடு சேர்ந்து மீனும் கையுமாக வந்தார்.

சூசையம்மா மகளிடம் சொல்லவில்லை. எந்தப் பக்கம் சாய்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னேரம் புருசனும் பெண்சாதியும் பூவரச மர நிழலில் வலை பொத்த இருந்தார்கள். நேசமலர் மாங்குளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த பாலைப்பழம் ஒரு கடகத்தில் பக்கத்தில் இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாய்த் தின்றதில் இராயப்புவின் உதடு பால் ஒட்டிப் பிசுபிசுத்தது.

“எத்தினை வருசம்?” என்றார், வலையைவிட்டுக் கண் எடுக்காமல்.

“எட்டு.”

“யோசெப்புக்கும் தெரியும்.”

“ஓம்.”

“அந்த உலை பொங்கினது?”

“அது நேசமலர்.”

இராயப்பு ஒரு கண்ணியை இறுக்கி முடிந்தார். “சுவாமிக்கு?”

சூசையம்மா கொஞ்சம் யோசித்தாள். “போன வருசம் பாவசங்கீர்த்தனத்திலை சொன்னனான்.”

“ஊரிலை நாய்க்கும் தெரியும், எனக்குத் தெரியாது.” சத்தம் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். “நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் பெட்டியைப் பூட்டுவியள்.”

இராயப்பு பொய் சொல்லத் தெரியாத மனிதர். “பூட்டியிருப்பன்தான்,” என்றார்.

“துருத்தி காற்று விடேல்லை,” என்றாள் சூசையம்மா மெல்ல. “எட்டு வருசம் ரெண்டு கை இழுத்தும் விடேல்லை.”

இராயப்பு அடுத்த கண்ணியைத் தேடினார். ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் உன்னியது. கேட்டால் பிடிவாதம் ஏறிவிடுமோ என்று பயந்து, பாலைப்பழக் கடகத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வீடு திரும்புகிற நேரத்துக்கு மாப்பிள்ளை பகுதி வந்தது. மனுவேல் ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் பூட்டியிருந்தான். கதிரையின் நுனியில் இருந்து, வைத்த பணியாரத்தைத் தொடாமல் நிலத்தைப் பார்த்தான். வஸ்தியாம்பிள்ளை கடலைப் பற்றியும் மழையைப் பற்றியும் தனக்குத் தெரியாததெல்லாம் கதைத்து முடித்தார். யோசெப் மத்தளத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றான். சுசிலா அறைக்குள், கலியாணக் கதை நடக்கும் இடத்துக்குப் பெண் வருவதில்லை. சூசையம்மா அறைக் கதவை மறைத்தும் மறைக்காமலும் நின்று மனதுக்குள் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தம்பி,” என்றார் இராயப்பு, “பெட்டியை வைச்சு என்ன செய்யப்போறீர்?”

மனுவேல் முதல்தரம் நிமிர்ந்தான். “மாங்குளத்திலை ரெயில் போனாப்பிறகு ஒரு சத்தமும் இல்லை, மாமா,” என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து வரவில்லை. தான் யாருக்காகக் கேட்கிறேன் என்று அவன் வாய் திறக்கவேயில்லை. நல்ல பிள்ளைதான் என்று சூசையம்மா நினைத்தாள்.

“பெட்டி சீதனத்திலை வராது,” என்றார் இராயப்பு.

சொல்லி முடிந்துவிட்டது. சூசையம்மாவின் அருள்நிறைந்த மரியே பாதியில் நின்றது. வஸ்தியாம்பிள்ளை குடையைத் தேடினார். மனுவேல் தாய்மாமனைப் பார்க்கவில்லை, அறைக் கதவைப் பார்த்தான்.

“சரி, மாமா. பெட்டி வேண்டாம்,” என்றான். “கலியாணத்துக்கு நாளைச் சொல்லுங்கோ.”

கலியாணம் தப்பியது. பெட்டி போய்விட்டது. இதைத்தானே கேட்டாய் என்று சூசையம்மா தன்னைத் தானே தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. பின்னால் அறைக்குள் மகள் மூச்சு விடுவது கேட்டது.

இராயப்பு இன்னும் முடிக்கவில்லை. மனுவேலைப் பார்த்துக்கொண்டு அறைக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னார்: “மாங்குளத்திலையிருந்து கேட்டதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டன். இந்த வீட்டுக்குள்ளையிருந்து ஆரும் என்னட்டைக் கேட்டமாதிரி எனக்கு ஞாபகமில்லை. எட்டு வருசமாக் கேக்கேல்லை.”

யோசெப் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மத்தளத்தில் வைத்து, அது முனகியதும் எடுத்தான்.

சூசையம்மாவின் தோளை ஒரு கை மெல்ல ஒதுக்கியது. சுசிலா வெளியே வந்தாள். பெட்டி இருந்த மேசைக்கும் தகப்பனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“ஐயா, நான் கேக்கிறன்.”

“என்னத்தை?”

“பெட்டி எனக்கு வேணும்.”

“ஏன்?”

“வாசிக்க.”

“வாசிப்பியோ?”

“வாசிப்பன்.”

“என்னைப்போல வாசிப்பியோ?”

சுசிலா தாயைப் பார்த்தாள். பிறகு தகப்பனை நேரே பார்த்தாள். “உங்களைப்போல முதல் ரெண்டு பாகமும் எனக்கு வராது, ஐயா. மூண்டாவது உங்களுக்கு வராது.”

வஸ்தியாம்பிள்ளை வாயைப் பிளந்தபடி இருந்தார். இந்த வீட்டில் இப்படி ஒரு மறுமொழி சொல்லி ஒருவரும் தப்பியதில்லை என்று யோசெப்புக்குத் தெரியும். அவன் வாசலைப் பார்த்தான். இராயப்பு மகளைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவர் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

“வராதுதான்,” என்றார். “எடு.”

சுசிலா அசையவில்லை. விளங்கவில்லை அவளுக்கு.

“எடு, பிள்ளை. உன்ரைதானே.”

வஸ்தியாம்பிள்ளைக்கு மூச்சு வந்தது. “அப்ப, அண்ணை, சீதன எழுத்திலை பெட்டியையும் போடுறதோ?”

“போடாதையும். நகையைப் போடும். மாப்பிளைக்குக் குடுக்கிறதுக்குத்தான் எழுத்து. மகள் கேட்டுத் தேப்பன் குடுக்கிறதுக்கு ஏன் எழுத்து?” பிறகு, மூக்கை உறிஞ்சியதை மறைக்கவோ என்னவோ, அவர் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டு போனார். “இஞ்சை உப்புக்காத்து நாக்கெல்லாத்தையும் தின்னுது. மாங்குளத்திலை பெட்டி இன்னும் முப்பது வருசம் கிடக்கும். முத்தையன்கட்டுப் பக்கம், இரணைமடுப் பக்கம் எல்லாம் காடு வெட்டிச் சனம் குடியேறுது. அதுகளுக்கும் கலியாணம் காச்சி வரும்தானே. இவள் அங்கையிருந்து பெட்டியோட வரட்டும், நாங்கள் இஞ்சையிருந்து மத்தளத்தோட போவம். மாங்குளம் நடுவிலைதானே கிடக்கு.”

“றபான் ஆர் அடிக்கிறது?” என்றான் யோசெப்.

இராயப்பு மறுமொழி சொல்லாமல் எழுந்து போய், சுவரில் தொங்கிய றபானைக் கழற்றிக்கொண்டு வந்து நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். எந்தப் பக்கத்தை மேலே பிடிப்பதென்று ஒரு தரம் மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

சுசிலா வெள்ளைத் துணியை எடுத்து மடித்து வைத்தாள். தகப்பனுக்கு முன்னால் முதன்முறையாகப் பெட்டியின் வாரைத் தோளில் போட்டாள். துருத்தி விரிந்தது. கப்பற்காரன் மெட்டின் முதற் பாகம் வந்தது. இராயப்புவின் அடி இரண்டு தரம் பிந்தியது, மூன்றாம் தரம் முந்தியது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மகளின் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்து அடித்து, ஒருவாறு வந்து சேர்ந்துகொண்டார். யோசெப்பின் மத்தளமும் சேர்ந்தது. பஸ்ஸுக்குப் போக எழும்பிய வஸ்தியாம்பிள்ளை திரும்ப இருந்தார். மனுவேல் பணியாரம் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து கேட்டான்.

சூசையம்மா பாட்டை எடுக்க வேண்டிய இடம் வந்தது. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

சுசிலா நிறுத்தவில்லை, தாண்டிப் போகவும் இல்லை. தாயைப் பார்த்துக்கொண்டு, அந்த இடத்தையே இன்னொரு தரம் மெல்லச் சுற்றி வந்தாள். அடுத்த சுற்றில் சூசையம்மா பாடினாள்.